உடம்பில் ரத்தம் எவ்வளவு, பிபி எவ்வளவு: நெல்லைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முக்கூடல், ஆலங்குளம், அம்பாசமுத்திரம், ராதாபுரம் என்று நம்ம ஊர்ப்பக்கம் நடக்கிற பிபி முகாம்களில் செவிலியராக உட்கார்ந்திருக்கிறேன். கையில் பட்டையைச் சுற்றும்போதே கேள்விகள் ஆரம்பித்துவிடும், பின்னால் வரிசை நிற்பதால் முழுப் பதில் சொல்ல நேரம் இருக்காது. முக்கால்வாசிக் கேள்விகளுக்கு அடியில் ஒரே குழப்பம்தான் கிடக்கிறது: உடம்பில் ரத்தம் எவ்வளவு இருக்கிறது என்பதையும், அது எவ்வளவு அழுத்தத்தில் ஓடுகிறது என்பதையும் ஒன்றாகப் போட்டுப் பார்ப்பது. ரத்தம் ஆபத்தான அளவுக்குக் குறைந்திருக்கும்போதும் மெஷின் நல்ல எண் காட்டலாம். ரத்த அளவு சாதாரணமாக இருக்கும்போதே 180 காட்டலாம். இது தெரியாததால் வீட்டில் எடுக்கிற முடிவுகள் தப்பாகப் போகின்றன, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஒரு ஆளுக்கு எத்தனை லிட்டர் ரத்தம் இருக்கும்?

பெரியவர்களுக்குக் கிலோவுக்குச் சுமார் 70 மில்லி என்று வைத்துக்கொள்ளுங்கள். 70 கிலோ ஆளுக்கு 5 லிட்டர் பக்கம் வரும், 50 கிலோ உள்ள அக்காவுக்கு மூன்றரை லிட்டர். ரொம்பக் குண்டாக இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது, கொழுப்பில் ரத்த ஓட்டம் குறைவு. இதில் பாதிக்குக் கொஞ்சம் மேல் பிளாஸ்மா என்கிற திரவம், மிச்சம் பெரும்பாலும் சிவப்பணுக்கள்.

"எனக்கு ரத்தம் எட்டு பாயிண்டுதான் இருக்கு" என்று சொல்கிறோமே, அது ஹீமோகுளோபின். 100 மில்லி ரத்தத்தில் எத்தனை கிராம் ஹீமோகுளோபின் இருக்கிறது என்ற கணக்கு அது, மொத்த ரத்தம் எத்தனை லிட்டர் என்பதை அது சொல்லாது. நாள்பட்ட ரத்தசோகை உள்ளவருக்கு சிவப்பணு குறைந்த இடத்தைப் பிளாஸ்மா நிரப்பிவிடும், லிட்டர் கணக்கு ஏறக்குறைய சரியாகவே இருக்கும். ஆகவே "ரத்தம் கம்மி, அதனால பிரஷர் கம்மி" என்று நேராக முடிச்சுப் போட முடியாது.

அப்போ ரத்தம் கூடினால் பிபி கூடுமா, கூடாதா?

கூடும், ஆனால் நேர்கோட்டில் இல்லை. பிபியைத் தீர்மானிப்பவை இரண்டு: இதயம் நிமிடத்துக்கு எவ்வளவு ரத்தத்தைத் தள்ளுகிறது, சிறு தமனிகள் எவ்வளவு இறுகி இருக்கின்றன. கன்னடியன் கால்வாயில் தண்ணீர் மட்டம் ஏற வேண்டுமானால் மேலே கூடுதலாகத் திறந்துவிடலாம், இல்லாவிட்டால் கீழே மடைகளை அடைக்கலாம்; கரையில் நின்று மட்டத்தை மட்டும் பார்க்கிறவருக்கு இரண்டில் எது நடந்தது என்று தெரியாது. பிபி மெஷின் காட்டுவதும் அந்த மட்டத்தை மட்டும்தான்.

ரத்தத்தின் அளவு இதில் எங்கே வருகிறது என்றால், மொத்த ரத்தத்தில் மூன்றில் இரண்டு பங்கு எந்நேரமும் சிரைகளில்தான் கிடக்கிறது. அளவு கூடும்போது சிரைகள் நிறைந்து, இதயத்துக்குத் திரும்பி வருவது கூடுகிறது, வந்தது கூடினால் இதயத் தசை கூடுதலாக விரிகிறது, விரிந்த தசை அடுத்த துடிப்பில் இன்னும் பலமாகச் சுருங்கித் தள்ளுகிறது. இதயத்தின் இந்தக் குணத்தை ஃபிராங்க், ஸ்டார்லிங் என்ற இரண்டு உடலியல் அறிஞர்களின் பெயரால் சொல்வார்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போது துடிப்புக்குச் சுமார் 70 மில்லி, நிமிடத்துக்கு 72 துடிப்பு, ஆக நிமிடத்துக்கு 5 லிட்டர். அதாவது மொத்த ரத்தமும் ஒரு நிமிடத்தில் ஒரு சுற்று வந்துவிடுகிறது.

இறுக்கத்தின் கணக்கு இன்னும் கடுமை. ஒரு குழாயின் விட்டம் பாதியானால் அதே அழுத்தத்தில் அதில் ஓடுவது பாதியாகாது, பதினாறில் ஒரு பங்காகிவிடும். சிறு தமனிகள் இம்மி சுருங்கினாலே பிபி கணிசமாக ஏறுவது இதனால்தான்.

சரி, ஒரு செம்பு தண்ணீர் குடித்தவுடன் ஏன் பிபி ஏறுவதில்லை? கழுத்துத் தமனியிலும், இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனியின் வளைவிலும் அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் இருக்கின்றன, சில துடிப்புகளுக்குள் மூளைக்குத் தகவல் சொல்லி இதய வேகத்தையும் தமனி இறுக்கத்தையும் திருத்திவிடும். அது உடனடி ஏற்பாடு. மெதுவான, உறுதியான ஏற்பாடு சிறுநீரகம். இதயம் தள்ளுவதில் ஐந்தில் ஒரு பங்கு அங்கே போகிறது, ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டரை வடிகட்டி, ஒன்றரை லிட்டர் போல வெளியே விட்டு மிச்சத்தையெல்லாம் திரும்ப எடுத்துக்கொள்கிறது. எவ்வளவு உப்பு, எவ்வளவு தண்ணீர் உள்ளே தங்க வேண்டும் என்பதை அதுதான் முடிவு செய்கிறது. பல வருஷமாக பிபி உள்ளவர்களில் பெரும்பாலானவர்களிடம் இந்தச் சிறுநீரகக் கணக்கு உயரமான அழுத்தத்துக்குப் பழகிப்போயிருக்கும்.

120/80 என்றால் என்ன 120?

பாதரச மில்லிமீட்டர். இதயம் சுருங்கித் தள்ளும்போது தமனிக்குள் இருக்கிற அழுத்தம் மேல் எண், தளர்ந்து நிரம்பும்போது இருப்பது கீழ் எண். பாதரசம் தண்ணீரைவிட 13.6 மடங்கு கனம், எனவே 120 மில்லிமீட்டர் பாதரசம் என்பது ஒன்றரை மீட்டருக்கும் மேலான தண்ணீர் உயரம். 1733இல் ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற இங்கிலாந்துப் பாதிரியார், ஒரு குதிரையின் தமனியில் கண்ணாடிக் குழாயைப் பொருத்தி ரத்தம் எட்டடிக்கு மேல் ஏறியதை எழுதி வைத்தார். கையில் சுற்றும் பட்டையை ரீவா ரோச்சி 1896இல் கொண்டுவந்தார், ஸ்டெத் வைத்துச் சத்தம் கேட்டு இரண்டு எண்ணையும் எடுக்கும் முறை 1905இல் கொரோட்காஃப் சொன்னது. இன்றைக்கும் அடிப்படை அதுதான்.

உப்பைக் குறை, உப்பைக் குறை என்கிறார்களே, உப்புக்கும் ரத்த அளவுக்கும் என்ன சம்பந்தம்?

ஆஸ்பத்திரியில் ஏற்றுகிற சலைன் பாட்டிலைப் பாருங்கள்: ஒரு லிட்டரில் 9 கிராம் உப்பு. நம் உடம்பின் திரவமும் ஏறக்குறைய அந்த உப்புக் கரிப்புதான். உடம்பு அந்த விகிதத்தை விட்டுக்கொடுக்காது. 9 கிராம் உப்பு உள்ளே தங்கினால் அதோடு ஒரு லிட்டர் தண்ணீரும் தங்கியாக வேண்டும். நல்ல சிறுநீரகம் ஓரிரு நாளில் வெளியே தள்ளிவிடும். தள்ளுவதற்குச் சிலருக்கு அழுத்தம் ஏற வேண்டியிருக்கிறது, வயதானவர்களுக்கும் சீனி வியாதி உள்ளவர்களுக்கும் சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் அது அதிகம். நாள்பட நாள்பட, கூடுதல் உப்பு தமனிகளையும் விறைப்பாக்குகிறது.

உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே என்கிறது, ஒரு டீஸ்பூன் அளவு. நம் வீட்டில் குழம்புக்குப் போடுகிற உப்பைப் பார்த்துத்தான் எல்லாரும் பயப்படுகிறார்கள், தொட்டுக்கொள்கிறவற்றை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. கல்லிடைக்குறிச்சி அப்பளம், மோர்மிளகாய், வத்தல், நார்த்தங்காய் ஊறுகாய், உவரிப் பக்கத்துக் கருவாடு, சாயங்காலம் கடையில் வாங்குகிற மிக்சரும் காராச்சேவும், இவையெல்லாம் சேர்ந்தால் அந்த ஒரு டீஸ்பூன் மத்தியானச் சாப்பாட்டோடு முடிந்துவிடும். சொதியில் உப்பைக் குறைத்துவிட்டுப் பக்கத்தில் மூன்று அப்பளம் வைத்தால் கணக்கு எங்கே குறையும்?

கல்லுப்பு நல்லது, இந்துப்பு நல்லது என்று வருகிறார்கள். தூத்துக்குடி உப்பளத்து உப்பானாலும் இந்துப்பானாலும் உள்ளே இருப்பது சோடியம் குளோரைடுதான், பிபிக்கு வித்தியாசம் கிடையாது. சோடியம் குறைத்துப் பொட்டாசியம் சேர்த்த உப்பு கடையில் கிடைக்கிறது, அது உண்மையிலேயே பிபியைக் குறைக்கும், ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் டெல்மிசார்ட்டான், எனலாபிரில் மாதிரி பிபி மாத்திரை போடுகிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடவே கூடாது. பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும்.

கத்திரி வெயிலில் எனக்கு பிபி இறங்கி மயக்கம் வருகிறது. ஏன்?

பாளையங்கோட்டை வெயிலைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உடம்பைக் குளிர வைக்கத் தோலுக்கு ரத்தத்தைத் திருப்பிவிட வேண்டியிருக்கிறது. சாதாரணமாகத் தோலுக்கு நிமிடத்துக்குக் கால் லிட்டர் போல ஓடுவது கடும் வெக்கையில் பல லிட்டராகும். தோலின் குழாய்கள் விரிந்தால் இறுக்கம் குறைகிறது. இன்னொரு பக்கம் வியர்வை, வேலை கடுமையாக இருந்தால் மணிக்கு ஒரு லிட்டர்கூடப் போகும், அது கடைசியில் பிளாஸ்மாவிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. அளவும் குறைகிறது, இறுக்கமும் குறைகிறது, இதயம் வேகமாக அடித்துச் சமாளிக்கப் பார்க்கிறது.

ஆனித் தேரோட்டத்தன்று நெல்லையப்பர் ரத வீதியில் நிற்கிறவர்களைக் கவனித்தால் இது அப்படியே தெரியும். காலையிலிருந்து சாப்பிடாமல், ஒன்றுக்குப் போக இடம் இருக்காது என்று தண்ணீரும் குடிக்காமல் நிற்பார்கள். வடம் பிடிக்கிறவர்கள் மூச்சைப் பிடித்து முக்கி இழுக்கும்போது நெஞ்சுக்குள் அழுத்தம் ஏறி, இதயத்துக்குத் திரும்பி வருகிற ரத்தம் இன்னும் குறையும். முகம் வெளுக்கும், வியர்க்கும், கண் இருட்டும், சரிவார்கள். சரிந்தவரைத் தூக்கி உட்கார வைக்காதீர்கள், அது தப்பு. நிழலில் படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள், காலில் தேங்கிய ரத்தம் இதயத்துக்கு வந்துவிடும், பெரும்பாலும் ஒன்றிரண்டு நிமிடத்தில் கண் திறப்பார்கள். நினைவு திரும்பிய பிறகுதான் குடிக்கக் கொடுக்க வேண்டும். உடம்பு கொதித்து, பேச்சு குழறினாலோ நினைவு வராவிட்டாலோ அது வெப்பத் தாக்கு, தண்ணீரை ஊற்றி விசிறிக்கொண்டே 108ஐக் கூப்பிடுங்கள்.

குடிப்பதற்கு என்ன நல்லது என்றால், வேர்த்துக் கொட்டுகிறவர்களுக்கு உப்புப் போட்ட மோரும் நீராகாரமும் அருமையானவை. இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு, அதனால் சிறுநீரக நோயாளிக்கு ஆகாது. ராதாபுரம், திசையன்விளைப் பக்கம் பனை ஏறுகிற அண்ணாச்சிமார் பதநீரே போதும் என்பார்கள், அதில் தண்ணீரும் சர்க்கரையும் உண்டு, வியர்வையில் போன உப்பை அது ஈடு கட்டாது. கூடவே உப்புள்ள எதையாவது சாப்பிட வேண்டும். சீனி உள்ளவர்கள் பதநீரை அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஆச்சி கட்டிலிலிருந்து எழுந்தாலே கிறுகிறுவென்று வருகிறது என்கிறார். பிபி பார்த்தால் 150 இருக்கிறது. எப்படி?

உட்கார்ந்து பார்த்திருப்பீர்கள். நிற்க வைத்துப் பாருங்கள். எழுந்து நிற்கும்போது அரை லிட்டருக்கு மேல் ரத்தம் காலுக்கும் வயிற்றுக்கும் இறங்குகிறது. இள வயதில் கழுத்து நரம்பு உடனே சுதாரித்துவிடும். வயதானால், சீனியால் நரம்பு கெட்டிருந்தால், நீர் மாத்திரையோ புராஸ்டேட் மாத்திரையோ போட்டால் சுதாரிப்பது தாமதமாகும். படுத்தபடி ஒரு தடவை, எழுந்து நின்று ஒரு நிமிடத்திலும் மூன்று நிமிடத்திலும் ஒரு தடவை பாருங்கள். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் டாக்டரிடம் அதைத் தனியாகச் சொல்ல வேண்டும். 150ஐப் பார்த்து மாத்திரையைக் கூட்டினால் ஆச்சி ராத்திரி பாத்ரூம் போகும்போது விழுந்து இடுப்பை உடைத்துக்கொள்வார், அப்படி வந்தவர்களைப் பார்த்து எனக்கு மனசு ஆறவில்லை.

எழும்போது முதலில் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, பாதத்தை மேலும் கீழும் ஆட்டிவிட்டு, அப்புறம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு எழச் சொல்லுங்கள். கெண்டைக்கால் தசை இறுகித் தளரும்போது காலிலுள்ள ரத்தம் மேலே ஏறும்.

பீடி சுற்றுகிற அக்காமாருக்கும் இதே கதைதான். மடியில் சுளகு, கால் மடக்கி மணிக்கணக்கில் ஒரே இருப்பு, எழுந்தால் கணக்கு குறைந்துவிடும் என்று தண்ணீரும் குடிப்பதில்லை. விருட்டென்று எழும்போது தலை சுற்றுகிறது, மருந்துக்கடையில் "லோ பிபி" என்று சொல்லிவிடுகிறார்கள்.

லோ பிபி ஆபத்தா?

100/60 காட்டி, ஆள் தெம்பாக நடந்து வேலை பார்த்தால் அது நோயே இல்லை, அவருக்கு அது நல்லதுதான். வழக்கமாக 150 இருப்பவருக்குத் திடீரென்று 100 என்றால் அது ஆபத்து. எண்ணைவிட, எங்கிருந்து எங்கே இறங்கியது என்பதும், கை கால் சில்லிட்டிருக்கிறதா, சிறுநீர் போகிறதா, பேச்சு தெளிவாக இருக்கிறதா என்பதும்தான் முக்கியம்.

அசதியாக இருந்தால் ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றினால் ரத்தம் கூடும்தானே?

கேட்டு வாங்கி ஏற்றிக்கொள்கிற பழக்கம் நம்ம பக்கம் ரொம்ப. அரை லிட்டர் 5 சதவீதக் குளுக்கோஸ் ஏற்றினால் அதில் ரத்தக் குழாய்க்குள் தங்குவது பன்னிரண்டில் ஒரு பங்கு, அதாவது 40 மில்லி போல. மிச்சம் உடம்பின் செல்களுக்கும் இடைவெளிகளுக்கும் போய்விடும். சலைன் என்றால் கால் பங்கு தங்கும். வாயால் குடிக்க முடிகிறவருக்கு அதைவிட ஒரு லிட்டர் ஓஆர்எஸ் மேல், அதில் உப்பும் குளுக்கோஸும் சேர்ந்து குடலில் தண்ணீரை இழுக்கிற மாதிரி அளவு வைத்திருக்கிறார்கள். பாக்கெட் இல்லையென்றால் ஒரு லிட்டர் தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்பு, ஆறு டீஸ்பூன் சர்க்கரை, தலைதட்டி அளக்க வேண்டும்.

இதயம் பலவீனமான தாத்தாவுக்கு "தெம்புக்கு" என்று இரண்டு பாட்டில் சலைன் ஏற்றி, அன்று ராத்திரியே நுரையீரலில் நீர் கோர்த்து மூச்சுத் திணறி ஆம்புலன்சில் வருவதைப் பார்த்திருக்கிறேன். கேட்டு வாங்காதீர்கள்.

டெங்குவில் தட்டணு (பிளேட்லெட்) குறைவதுதானே ஆபத்து?

2012இல் கடையநல்லூர்ப் பக்கம் டெங்கு வாட்டி எடுத்தது நம்மில் பலருக்கு நினைவிருக்கும். அன்றிலிருந்து எல்லார் வாயிலும் தட்டணுக் கணக்குதான். ஆனால் டெங்குவில் உயிரை எடுப்பது பெரும்பாலும் பிளாஸ்மா கசிவு. நுண்குழாய்ச் சுவர் ஒழுகி, பிளாஸ்மா வயிற்றுக்கும் நெஞ்சுக்கூட்டுக்கும் போய்விடுகிறது. வெளியே ஒரு சொட்டு ரத்தம் வராமலே குழாய்க்குள் அளவு குறைகிறது, ரத்தம் கெட்டியாகிறது.

இது நடப்பது காய்ச்சல் விடுகிற நேரம், பொதுவாக மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள். "காய்ச்சல் விட்டுருச்சு, வீட்டுக்குப் போவோம்" என்கிற அதே நேரம்தான். பிபி அப்போது எப்படி இருக்கும் தெரியுமா? மேல் எண் 100, பார்க்க நன்றாகத்தான் இருக்கும். கீழ் எண்ணைப் பாருங்கள், 80 அல்லது 85 இருக்கும். தமனிகள் தங்களை முடிந்தவரை இறுக்கிக்கொண்டு மேல் எண்ணைக் காப்பாற்றி நிற்கின்றன, அதனால் கீழ் எண் மேலே ஏறி இரண்டுக்கும் இடைவெளி ஒடுங்குகிறது. இடைவெளி 20 அல்லது அதற்குக் கீழே வந்தால், முக்கியமாகப் பிள்ளைகளுக்கு, அது அதிர்ச்சி நிலை, அதாவது உறுப்புகளுக்குப் போதுமான ரத்தம் போகாத 'ஷாக்'. மேல் எண் இறங்கட்டும் என்று காத்திருந்தால் நேரம் போய்விடும், பிள்ளைகளிடம் அது கடைசியில்தான் இறங்கும், இறங்கினால் சடாரென்று இறங்கும்.

வீட்டில் என்ன பார்க்கலாம்? ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை, பாதம் சில்லிடுகிறது, வயிற்று வலி விடவில்லை, வாந்தி நிற்கவில்லை, பிள்ளை துவண்டு கிடக்கிறது, இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கு எந்தக் கஷாயமும் சாறும் போதாது, ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கோ பக்கத்தில் படுக்கை வசதி உள்ள அரசு மருத்துவமனைக்கோ உடனே போங்கள். ஒன்றிரண்டு நாளில் கசிவு நின்று, வெளியே போன திரவம் தானாகவே குழாய்க்குள் திரும்பும், அப்போது சலைன் ஏற்றுவதை நிறுத்த வேண்டும். எவ்வளவு ஏற்றுவது, எப்போது நிறுத்துவது என்பதில்தான் டெங்கு வைத்தியத்தின் திறமையே இருக்கிறது.

விபத்தில் ரத்தம் போனவருக்கு பிபி 120 இருக்கிறது, பயமில்லைதானே?

பயம் உண்டு. 5 லிட்டரில் முக்கால் லிட்டர் போனாலும் பிபி அசையாமல் இருக்கலாம். ஒன்றரை லிட்டர் வரை போகும்போது நாடி 100ஐத் தாண்டும், இரண்டு எண்ணுக்கும் இடைவெளி ஒடுங்கும், ஆள் பதற்றமாக இருப்பார், மேல் எண் அப்போதும் தாக்குப்பிடிக்கலாம். மேல் எண் நன்றாக இறங்கும்போது மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு போல ஏற்கெனவே போயிருக்கும். சிரைகள் சுருங்கித் தங்களிடம் இருக்கிற இருப்பைத் தள்ளிவிடுகின்றன, தோலுக்கும் குடலுக்கும் போகிற ஓட்டம் குறைக்கப்படுகிறது, மூளைக்கும் இதயத்துக்கும் மட்டும் காப்பாற்றப்படுகிறது. அட்டெனோலால், மெட்டோபுரோலால் மாதிரி இதயத் துடிப்பைக் குறைக்கிற மாத்திரை போடுகிறவருக்கு நாடிகூட வேகமாகாது, அதை 108 ஊழியரிடம் மறக்காமல் சொல்லுங்கள். ரத்தம் ஒழுகுகிற இடத்தைச் சுத்தமான துணி வைத்து விடாமல் அழுத்திப் பிடிப்பதுதான் ஆம்புலன்ஸ் வரும்வரை நாம் செய்யக்கூடிய பெரிய உதவி.

ரத்த தானம் கொடுத்தால் பிபி கெட்டுப்போகுமா?

போகாது. எடுப்பது 350 அல்லது 450 மில்லி, பிளாஸ்மா ஓரிரு நாளில் திரும்பிவிடும், சிவப்பணு சில வாரங்களில். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒரு தடவை கொடுக்கலாம். கொடுத்தவுடன் வெயிலில் பைக்கை எடுக்காமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்து, நன்றாகத் தண்ணீர் குடியுங்கள்.

கர்ப்பத்தில் ரத்தம் தண்ணியாகிவிட்டது என்கிறார்களே?

கர்ப்பத்தில் பிளாஸ்மா ஏறக்குறைய பாதி அளவு கூடுகிறது, சிவப்பணு அந்த வேகத்தில் கூடாது, அதனால் ஹீமோகுளோபின் கொஞ்சம் இறங்கிக் காட்டும். 11க்குக் கீழே போனால் ரத்தசோகைதான், இரும்பு மாத்திரையை நிறுத்தக் கூடாது. இத்தனை ரத்தம் கூடியும் நடு மாதங்களில் பிபி இறங்கும், காரணம் குழாய்கள் நன்றாகத் தளர்ந்துவிடுகின்றன.

தலைகீழானதும் நடக்கும். 20 வாரத்துக்குப் பிறகு பிபி 140/90ஐத் தொட்டு, சிறுநீரில் புரதமும் போனால் அந்தப் பெண்ணுக்குக் குழாய்கள் இறுகி, கால் முகமெல்லாம் வீங்கியிருந்தாலும் குழாய்க்குள் பிளாஸ்மா உண்மையில் குறைந்திருக்கும். வெளியே நீர் நிறையத் தெரிகிறது, பிபி உயரம், உள்ளே அளவு குறைவு. வீக்கத்தைப் பார்த்து வீட்டில் கிடக்கிற நீர் மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள். தலைவலி விடவில்லை, பார்வை மங்குகிறது, மேல்வயிறு வலிக்கிறது என்றால் அந்த ராத்திரியே கூட்டிப் போக வேண்டும், "தாய்வீட்டுக்கு வந்த பிள்ளை, காலையில பாப்போம்" என்று மைனிமார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

பிபி மாத்திரையால் கால் வீங்குகிறது, நீர் மாத்திரை போட்டால் வடியுமா?

அம்லோடிபின் போடுகிறவர்கள் பலருக்குக் கணுக்காலில் வீக்கம் வரும். சிறு தமனி விரிவதால் நுண்குழாயில் அழுத்தம் கூடி நீர் வெளியே கசிகிறது, உடம்பில் மொத்த நீர் கூடியதால் வருவதில்லை, அதனால் நீர் மாத்திரைக்கு அது சரியாக வடியாது. அளவைக் குறைத்தோ வேறு மாத்திரை சேர்த்தோ டாக்டர் சரி செய்வார்.

இதைவிட எனக்குக் கவலை வலி மாத்திரைதான். இடுப்பு வலி, முட்டு வலி என்று பெட்டிக்கடையில்கூட டைக்குளோஃபினாக் வாங்கிப் போடுகிறார்கள். அது சிறுநீரகத்தை உப்பும் நீரும் தேக்க வைக்கும், பிபி ஏறும், போட்ட பிபி மாத்திரை வேலை செய்யாது. டெல்மிசார்ட்டானும் நீர் மாத்திரையும் போடுகிறவர் வலி மாத்திரையும் சேர்த்துப் போட்டு, அந்த வாரமே வாந்தி பேதியும் வந்தால் சிறுநீரகம் சடாரென்று படுத்துவிடும். வயிற்றால் போகிற நாளில் பிபி மாத்திரையில் எதைத் தொடர்வது, எதை நிறுத்தி வைப்பது என்று இப்போதே உங்கள் டாக்டரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு 170 இருக்கிறது, ஆனால் ஒரு தலைவலியும் இல்லை. மாத்திரை அவசியமா?

அவசியம். பெரும்பாலானவர்களுக்கு ஒன்றுமே தெரியாது. உயர்ந்த அழுத்தத்துக்கு எதிராக ஒவ்வொரு துடிப்பிலும் தள்ளித் தள்ளி இதயத்தின் இடது கீழறைச் சுவர் தடிக்கிறது, தடித்த சுவர் விறைத்துப்போய் நிரம்ப மறுக்கிறது, அப்புறம் கொஞ்சம் நீர் கூடினாலும் நுரையீரலுக்குத் திரும்பி மூச்சு வாங்கும். மூளையின் சிறு குழாய் வெடிக்கலாம் அல்லது அடைக்கலாம். சிறுநீரக வடிகட்டிகள் ஒவ்வொன்றாகப் போகும், போகப் போக உப்பை வெளியேற்ற முடியாமல் ரத்த அளவு கூடி பிபி இன்னும் ஏறும். 40இலிருந்து 69 வயது வரை உள்ளவர்களுக்கு, 115/75இலிருந்து மேல் எண்ணில் 20, கீழ் எண்ணில் 10 கூடுகிற ஒவ்வொரு படிக்கும் பக்கவாதத்தாலும் மாரடைப்பாலும் இறக்கும் ஆபத்து சுமார் இரண்டு மடங்காகிறது.

மாத்திரைக்குக் காசில்லை, வேலையை விட்டுப் போக முடியவில்லை என்பவர்களுக்கு, 2021 ஆகஸ்டில் ஆரம்பித்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியுங்கள். பிபி இறங்கிவிட்டது என்று நிறுத்துவதுதான் நான் அதிகம் பார்க்கிறது; இறங்கியது மாத்திரையால்தான்.

வீட்டில் எப்படிப் பார்ப்பது?

நடந்து வந்த களைப்பு ஆற ஐந்து நிமிடம் உட்காருங்கள். முதுகு சாய்ந்திருக்கட்டும், பாதம் தரையில், கை இதய மட்டத்தில் மேசை மேல். ஒன்றுக்குப் போய்விட்டு வாருங்கள், காபி குடித்து அரைமணி ஆகியிருக்கட்டும், பட்டை ஊதும்போது பேசாதீர்கள். சட்டைக் கையைச் சுருட்டி இறுக்கி அதற்குக் கீழே கட்டுவது, பருத்த கைக்குச் சின்னப் பட்டை போடுவது, இரண்டுமே எண்ணைக் கெடுக்கும். இரண்டு தடவை பார்த்து இரண்டையும் எழுதுங்கள். வீட்டில் 135/85க்கு மேல் தொடர்ந்து இருந்தால், ஆஸ்பத்திரியில் 140/90க்கு மேல் இருப்பதற்குச் சமம்.

அப்பாவுக்கு இதயம் பலவீனம், தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். இந்த வெயிலிலுமா?

பலவீனமான இதயம் கூடுதலாக நிரம்பினாலும் கூடுதலாகத் தள்ள முடியாது, வந்தது பின்னால் தேங்கி நுரையீரலிலும் காலிலும் நீராக இறங்கும். அதனால்தான் அளவு. ஆனால் சித்திரை வைகாசியில் வியர்வை வேறு போகிறது, ஐப்பசிக்குச் சொன்ன அளவு அப்போது குறைவாகிப்போகலாம், நீர் மாத்திரையும் சேர்ந்து கிறுகிறுப்பு வரும். இதைக் கண்டுபிடிக்க பிபி மெஷினைவிட எடை மெஷின் உதவும். தினமும் காலையில் ஒன்றுக்குப் போய்விட்டு, சாப்பிடுவதற்கு முன், ஒரே மாதிரி உடுத்திக்கொண்டு எடை பார்த்துக் காலண்டரிலேயே எழுதுங்கள். இரண்டு மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் அது சோற்றால் வந்த எடையாக இருக்காது, நீர். அதோடு படுத்தால் மூச்சு வாங்கி இன்னொரு தலையணை கேட்கிறார் என்றால் அன்றைக்கே கூட்டிப் போங்கள். எடை இறங்கிக்கொண்டே போய், நாக்கு வறண்டு, எழும்போது தள்ளாடினால் நீர் மாத்திரை அளவைத் திருத்த வேண்டியிருக்கும், சீட்டில் போட்டிருக்கிற அடுத்த தேதிவரை காத்திருக்காமல் போன் போட்டாவது கேட்டுவிடுங்கள்.